ஸ்டாலுக்கு மேசை கொடுக்கும் முன்: கலிஃபோர்னியாவின் தமிழ்ச் சங்க, கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். என் அப்பா சாகக் கிடக்கிறார் என்று எனக்கு முதலில் சொன்னது, இதய டாக்டரின் ஆபீஸில் முன் மேசையில் இருந்த பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்கள் அப்பா ஹாஸ்பிஸில் இருப்பதாக மெடிகேர் காட்டுகிறது. இன்றைய விசிட்டுக்கு அவர்கள் பணம் தரமாட்டார்கள். உங்களுக்குத் தெரியாதா?" மெடிகேர் என்பது இங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. ஹாஸ்பிஸ் என்பது இனிக் குணமாகாது என்றானவர்களைக் கடைசிக் காலத்தில் வலியில்லாமல் பார்த்துக்கொள்வது.

அப்பா எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் தினமணி படித்துக்கொண்டிருந்தார். வயது 81. காலையில் மூன்றாவது இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். சாம்பாரில் உப்புக் குறைவு என்று குறையும் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் விசாரித்தபோதுதான் கதை வெளியே வந்தது. ஐந்து மாதம் முன்பு நம் மக்களின் விழா ஒன்றில், சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில், இலவச மருத்துவப் பரிசோதனை என்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். எந்த விழா, யார் நடத்தியது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. இந்தக் கடிதம் அதற்காக இல்லை. மேசையில் இருந்த பெண் பி.பி. பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள். "உங்கள் வயதுக்காரர்களுக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார், எல்லாம் இலவசம், மெடிகேரே கொடுக்கிறது" என்று சொல்லி, மெடிகேர் கார்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். டேப்லெட்டை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்றாள். பையில் போட்டு ஒரு பி.பி. மெஷினும் ஆறு பாட்டில் என்ஷூர் சத்துப் பானமும் கொடுத்தாள்.

அப்பா விருதுநகர் பக்கம் மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்து, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். படிக்காமல் ஒரு ஃபைலில் கையெழுத்துப் போட மாட்டார் என்று ஆபீஸில் பெயர் வாங்கியவர். "காகிதமாக இருந்தால் படித்திருப்பேன்மா. கண்ணாடியில் கடைசிக் கட்டத்தை மட்டும்தானே காட்டினாள்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, ஹாஸ்பிஸ் என்ற சொல் காதில் விழவில்லையா என்று கேட்டேன். விழுந்திருக்கிறது. 'ஹாஸ்பிட்டல்' என்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் ஹாஸ்பிட்டல். இன்னொன்றும் சொன்னார். விருதுநகரில் இருக்கும் என் அத்தைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. மாத்திரை வீடு தேடி வருகிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். அத்தை போனில் அதைப் பெருமையாகச் சொல்வார். "அங்கேயே வருகிறபோது இத்தனை பெரிய தேசத்தில் வராதா என்று நினைத்தேன்" என்றார் அப்பா. அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

நர்ஸ் என்று ஒருத்தி வாராவாரம் வந்திருக்கிறாள், நானும் என் கணவரும் வேலைக்குப் போன பிறகு. பதினைந்து நிமிஷம். பி.பி. பார்ப்பாள், சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்பாள். அப்பாவுக்கு அந்தப் பதினைந்து நிமிஷம் பிடித்திருந்தது. அந்த வாரத்தில் பகல் நேரத்தில் அவரிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் உங்களில் பலர் வீட்டிலும் பகல் பொழுது அப்படித்தான் போகிறது.

இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நிர்வாகிகள் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மெடிகேரில் ஹாஸ்பிஸ் வசதி 1982-இல் சட்டமானது. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்கு மேல் உயிர் தாங்காது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். நோயாளி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம், 'இந்த நோயைக் குணமாக்கும் சிகிச்சைக்கு மெடிகேர் இனி பணம் தர வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்' என்பது. அப்பாவுக்கு எழுதியிருந்த நோய் இதயச் செயலிழப்பு. அவருக்கு இதயத்தில் சின்னத் தொந்தரவு உண்டு, பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது அந்த இதய டாக்டரைப் பார்க்கத்தான் முடியாமல் போனது.

இரண்டு டாக்டர்கள் எழுத வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹாஸ்பிஸின் டாக்டர் ஒருவர், நோயாளியின் சொந்த டாக்டர் ஒருவர். ஆனால் சொந்த டாக்டர் 'இருந்தால்தான்' இரண்டாவது கையெழுத்து. இல்லை என்று காட்டிவிட்டால் ஹாஸ்பிஸ் டாக்டரின் கையெழுத்தே போதும். அப்பாவின் படிவம் பின்னால் எங்கள் கைக்கு வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. பத்து வருஷமாக ஒரே டாக்டரிடம் போகிற மனிதருக்கு டாக்டரே இல்லை!

பணம் நாள் கணக்கில் வருகிறது. வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் சாதாரண ஹாஸ்பிஸுக்கு, முதல் 60 நாள் வரை, ஒரு நாளைக்கு இருநூறு டாலருக்கு மேல். அதற்குப் பிறகு கொஞ்சம் குறையும். அன்று யாராவது வந்து பார்த்தார்களா இல்லையா என்பது கணக்கில் வராது. கையெழுத்து வாங்கிய நாளிலிருந்து மீட்டர் ஓடுகிறது. நிஜமாகவே சாகக் கிடப்பவருக்கு மருந்து, நர்ஸ், கட்டில், ஆக்ஸிஜன் என்று செலவு இருக்கும். இட்லி சாப்பிட்டுப் பேப்பர் படிப்பவருக்கு என்ன செலவு? ஆறு பாட்டில் என்ஷூர்தான். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் கிழவரைத்தான் இவர்கள் தேடுகிறார்கள்.

இதற்கு அரசு ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு வருஷத்தில் நோயாளி ஒருவருக்குச் சராசரியாக இவ்வளவுதான் என்று ஒரு மேல்வரம்பு, 34,000 டாலருக்கு மேல். யாரும் சாகாமல் மாதக்கணக்கில் இருந்தால் அந்த வரம்பு இடிக்கும், மீதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நோயாளிகளை 'உடம்பு தேறிவிட்டது' என்று வெளியே அனுப்புவது, அல்லது கடையையே மூடிவிட்டு வேறு பெயரில் வேறு லைசென்ஸில் திறந்து, அதே ஆட்களை அங்கே சேர்த்துக்கொள்வது. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இதெல்லாம் எங்கேயோ நடப்பதாக நினைக்காதீர்கள். இதன் தலைநகரமே நம் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிதான். மாநிலத் தணிக்கையாளர் 2022 மார்ச்சில் கொடுத்த அறிக்கையின்படி, 2010-லிருந்து இந்தக் கவுன்ட்டியில் ஹாஸ்பிஸ் நிறுவனங்களின் எண்ணிக்கை சுமார் 1,500 சதவீதம் கூடியிருக்கிறது. இங்கே வான் நைஸ் பகுதியில் ஒரே கட்டட முகவரியில் 150-க்கு மேற்பட்ட ஹாஸ்பிஸ், வீட்டுச் சிகிச்சை நிறுவனங்களுக்கு லைசென்ஸ் இருந்தது. 2019-இல் மட்டும் லாஸ் ஏஞ்சலஸ் ஹாஸ்பிஸ்கள் மெடிகேரிடம் 105 மில்லியன் டாலர் அதிகப்படியாக வாங்கியிருக்கலாம் என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. 2022 ஜனவரியிலிருந்து புது ஹாஸ்பிஸ் லைசென்ஸ் கொடுப்பதையே மாநிலம் நிறுத்திவைத்தது. 2023-இல் மெடிகேர் நிர்வாகம் கலிஃபோர்னியா, அரிஸோனா, நெவாடா, டெக்ஸஸ் ஆகிய நான்கு மாநிலங்களில் புதிதாக வரும் ஹாஸ்பிஸ்களைத் தனிக் கண்காணிப்பில் வைத்தது. ஆனால் ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தவர்கள் வாங்கி வைத்திருந்தவர்கள்தானே.

டெக்ஸஸ் வழக்கு ஒன்றைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறதி நோய் வந்த முதியவர்களிடமும் அவர்கள் குடும்பத்திடமும், ஆறு மாதம்தான் என்று பொய் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். 150 மில்லியன் டாலர் மோசடி. அந்த நிறுவனங்களின் முதலாளிக்கு 2020 டிசம்பரில் 20 வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. பணத்தை இழந்தது அரசாங்கம். 'நீ சாகப் போகிறாய்' என்று கேட்டுவிட்டு வருஷக்கணக்கில் உயிரோடு உட்கார்ந்திருந்தது அந்தக் கிழவர்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அந்த வார்த்தையின் அர்த்தத்தைச் சொல்லவேண்டிய வேலை எனக்கு வந்தது. சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நான் செத்து ஒரு மாசம் ஆச்சா, இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கா?" என்று கணக்குக் கேட்டார். என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விலகுவதற்கு வழி எளிதுதான். 'இன்ன தேதி முதல் எனக்கு ஹாஸ்பிஸ் வேண்டாம்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், அவர்கள் மறுக்க முடியாது. ஆனால் கொடுக்க ஆள் இருக்க வேண்டுமே! போனில் பதிவு செய்த குரல்தான் வந்தது. முகவரிக்கு நேரில் போனோம். மாடியில் ஒரு கதவு, அதில் ஒரு பெயர்ப்பலகை. பக்கத்துக் கதவில் இன்னொரு ஹாஸ்பிஸின் பெயர்ப்பலகை. இரண்டும் பூட்டியிருந்தன. கடைசியில் பதிவுத் தபாலில் அனுப்பி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மெடிகேரையும் கூப்பிட்டுச் சொன்னோம். கம்ப்யூட்டரில் அப்பா உயிரோடு திரும்பி வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் இதய டாக்டரின் பில்லை நாங்கள் கையிலிருந்து கட்டினோம். அப்பா இந்த நாட்டில் வேலை பார்க்காதவர் என்பதால், அவருடைய மெடிகேரில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான 'பகுதி ஏ'-வுக்கு மாதாமாதம் ஐந்நூறு டாலருக்கு மேல் ஏற்கெனவே எங்கள் சொந்தப் பணத்தில்தான் கட்டுகிறோம் என்பது வேறு கதை.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'ஹாஸ்பிஸ் என்றாலே திருட்டு, அந்தப் பக்கமே போகாதே' என்று யாராவது மேடையில் பேசிவிடப் போகிறார்கள் என்பதுதான் என் பெரிய பயம். என் தோழியின் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கடைசி ஐந்து வாரம் ஹாஸ்பிஸ்தான். ராத்திரி மூன்று மணிக்கு வலி தாங்காமல் அவர் கத்தியபோது, போன் பண்ணி நாற்பது நிமிஷத்தில் நர்ஸ் வந்தார். மார்ஃபின் துளியை நாக்குக்கு அடியில் எப்படி விடுவது என்று தோழிக்குக் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மா ஐசியூ குழாய்களுக்கு நடுவில் போகவில்லை. தன் கட்டிலில், ஜன்னல் வழியே கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு போனார். இந்தக் கால ஹாஸ்பிஸுக்கு வழி போட்ட டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸைத் திறந்தது இப்படி ஒரு சாவுக்காகத்தான்.

ஆறு மாதம் தாண்டி ஒருவர் இருந்துவிட்டாலே அது மோசடி என்றும் ஆகிவிடாது. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸுக்கு மாறினார். இருபத்திரண்டு மாதம் இருந்தார், நூறு வயதும் பார்த்துவிட்டு 2024 டிசம்பரில்தான் இறந்தார். உடம்பு யார் கணக்குக்கும் கட்டுப்படாது. டாக்டர்கள் தவறாகக் கணிப்பது வேறு, நோயே இல்லாதவரிடம் கையெழுத்து வாங்குவது வேறு. வித்தியாசம் கண்டுபிடிக்க ரொம்பப் படித்திருக்க வேண்டியதில்லை. நல்ல ஹாஸ்பிஸ் நம் சொந்த டாக்டரின் பேச்சிலிருந்து தொடங்கும், குடும்பத்தை உட்காரவைத்துப் பேசும். சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் மேசை போட்டு ஆள் பிடிக்காது.

இனி நான் உங்களிடம் கேட்க வந்தது. முதலாவது அந்த மேசை. ஸ்டால் கட்டணம் உங்களுக்குத் தேவை என்று எனக்குத் தெரியும். ஹால் வாடகை, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாம் ஏறிக்கிடக்கிறது, நானே இரண்டு வருஷம் பொருளாளராக இருந்தவள். ஆனாலும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: இங்கே யாரும் மெடிகேர் கார்டைக் கேட்கவோ, படம் எடுக்கவோ, முதியவர்களிடம் கையெழுத்து வாங்கவோ கூடாது. பி.பி. பார்க்கக் கார்டு எதற்கு? நம் சமூகத்தில் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பஞ்சமே இல்லை. அவர்களில் நான்கு பேரை உட்காரவையுங்கள், பரிசோதனை நடந்துவிடும். மீறினால் மேசையை எடுத்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரிசுப் பைக்காகக் கூட்டம் வருகிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பையின் விலை என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது, தமிழில் பேசுங்கள். மேடையில் வேண்டாம். மேடையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னால் நம் பெரியவர்கள் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பார்களே, அங்கே போய் உட்கார்ந்து பேசுங்கள். கார்டிலிருந்து 2018-க்கு அப்புறம் சமூகப் பாதுகாப்பு எண்ணை எடுத்துவிட்டார்கள், இப்போது பதினொரு எழுத்தும் எண்ணுமாக வேறொன்று இருக்கிறது. அதனால் கார்டைக் காட்டுவதில் தப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள், என் அப்பாவும் நினைத்தார். அந்தப் பதினொன்றும் வங்கிக் கார்டு எண் மாதிரி என்று சொல்லுங்கள். மெடிகேரிலிருந்து வரும் 'இது பில் இல்லை' என்ற தபாலைக் குப்பையில் போடாமல் பிள்ளைகளிடம் காட்டச் சொல்லுங்கள். அப்பாவுக்கு வந்த அந்தத் தபாலில் ஹாஸ்பிஸின் பெயர் அச்சாகியிருந்தது. பில் இல்லை என்று மேலேயே போட்டிருந்ததால் நான்தான் படிக்காமல் மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன்.

மூன்று எண்களை உங்கள் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். மெடிகேர்: 1-800-633-4227. முதியோருக்கு மோசடி விஷயத்தில் உதவும் சீனியர் மெடிகேர் பேட்ரோல்: 1-877-808-2468. மத்திய சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துப் புகார் எண்: 1-800-447-8477. மெடிகேரைக் கூப்பிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். தயங்காமல் 'தமிழ்' என்று சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இப்படி ஏமாந்தவர்கள் உங்கள் உறுப்பினர்களில் இன்னும் இருப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். 'படித்த மனிதர், இப்படிப் போய்க் கையெழுத்துப் போட்டாரே' என்று வாட்ஸ்அப்பில் பேச்சு வரும் என்று பயம். அப்பாவும் இரண்டு மாதம் சங்கத்துப் பக்கமே வரவில்லை. சீட்டாட்ட நண்பர்கள் கேட்டதற்குக் கால் வலி என்றார்.

போன வாரம் அவராகவே ஒரு யோசனை சொன்னார். அடுத்த பொங்கல் விழாவில் அந்த மேசையைத் தனக்கே கொடுக்கச் சொல்லி உங்களிடம் கேட்கச் சொன்னார். பி.பி. மெஷின் கைவசம் இருக்கிறது, இலவசமாக வந்தது. வருகிறவர்களுக்கு பி.பி. பார்த்துவிட்டு, தான் எப்படிச் செத்தேன் என்று கதை சொல்வாராம். கட்டணம் எவ்வளவு என்று எனக்குத் தெரிவியுங்கள். மேசை சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கை வைத்த நாற்காலி ஒன்று போடுங்கள், பத்து மணிக்கு அவருக்குச் சர்க்கரை போடாத காபி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி
லாஸ் ஏஞ்சலஸ்